ஜெயசீலி அக்கா மனம் திரும்பவில்லை

செவ்வாய்க்கிழமை காலை, டீ இடைவேளைக்குச் சற்று முன்பு, நவாஸ் பாய் என்னைத் தேடித் தையல் லைனுக்கு வந்தார். எங்கள் தளத்தின் மேனேஜர் அவர். வேலை நேரத்தில் யாரையும் இடத்தை விட்டு எழுப்ப மாட்டார். அன்று என் பின்னால் வந்து நின்று, "மெஷின ஆஃப் பண்ணும்மா கிரேசு" என்றார். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் செல்போன்கள் எல்லாம் லாக்கரில் இருக்கும் என்பதால், ஜெயசீலி அக்காவின் தம்பி தேவராஜ் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நவாஸ் பாய்க்குத்தான் போன் செய்திருந்தார். காலை ஏழு மணிக்கு அக்கா போய்விட்டார்.

ஜெயசீலி அக்கா ஆம்பூரில் எங்கள் ஷூ தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் செக்கராக வேலை பார்த்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தாயாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அதை மறைத்ததும் இல்லை, தம்பட்டம் அடித்ததும் இல்லை.

இதை எழுத எனக்கு ஒரு அவசரம் இருக்கிறது. அவரைப் புதைத்து இன்னும் பத்து நாள் ஆகவில்லை. அதற்குள், சாமியே இல்லை என்று சொல்லித் திரிந்த ஜெயசீலி கடைசி நேரத்தில் மனம் திரும்பினார் என்று ஊரில் பேச்சு நடக்கிறது. அப்படி நடந்ததாகச் சொல்லப்படும் ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் இருந்தவள் நான். நான் விசுவாசி. ஞாயிறு தவறாமல் ஜெப வீட்டுக்குப் போகிறவள். அந்தப் பேச்சு உண்மையாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர்கள் யாரும் இருக்க முடியாது. அது உண்மையில்லை. எனவே நான் எழுத வேண்டியிருக்கிறது.

செக்கர் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தைத்து முடித்த ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். செக்கர் அதை டியூப்லைட்டுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தையல் விலகியிருந்தாலோ தோலில் கீறல் இருந்தாலோ, அந்த இடத்தைக் காட்டிச் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார். அதை ஆரோ என்போம். ஆரோ ஒட்டிய பீஸ் தைத்தவளிடமே திரும்பி வந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் என் மேஜை முழுக்கச் சிவப்பாக இருந்தது. பாத்ரூமில் போய் அழுதுகொண்டிருந்தேன். ஜெயசீலி அக்கா உள்ளே வந்து முகம் கழுவினார். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "ஆரோ உனக்கு ஒட்டலம்மா, பீஸுக்குத்தான் ஒட்னேன். ரெண்டையும் ஒண்ணா நெனச்சிக்கினா இங்க வேல செய்ய முடியாது" என்றார். மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து வளைவில் எப்படித் திருப்பித் தைப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

கேன்டீனில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஜெபித்துவிட்டுத்தான் சாப்பிடுவோம். அக்கா கண்ணை மூட மாட்டார். ஆனால் நாங்கள் முடிக்கும்வரை டிபன் பாக்ஸைத் திறக்கவும் மாட்டார். ஒருநாள் நான் தைரியம் வந்து கேட்டேன், "உங்களுக்கு இன்னா ஆச்சுக்கா, ஏன் நம்பிக்க போச்சு?" அவருக்குள் பெரிய துக்கம் ஒன்று இருக்கும், அதைச் சொன்னால் ஆறுதல் சொல்லி இழுத்து வந்துவிடலாம் என்பது என் கணக்கு. அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க. ஒண்ணும் ஆவல. ஒக்காந்து யோசிச்சேன், அவ்ளோதான்."

அவருடைய தாயாருக்குக் கண் மங்கிப்போனபோது, தினமும் சாயங்காலம் வேதாகமத்தை வாசித்துக் காட்டியது அக்காதான். ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் சர்ச்சுக்குக் கூட்டிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுப்பார். அப்படிப் பதினோரு வருடம். அவருக்கு வசனங்கள் எங்கள் பாஸ்டரைவிட நன்றாகத் தெரியும் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நெமிலிப் பக்கம் ஒரு வேப்பமரத்தில் பால் வடிகிறது, அம்மன் வந்திருக்கிறாள் என்று ஒருமுறை எங்கள் லைனில் பரபரப்பு. வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. பதினோரு பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் கெட்டது நடக்கும் என்று கீழே எழுதியிருந்தது. அக்கா அனுப்பவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. வார லீவு நாளில் மூன்று பஸ் மாறி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். "பால் வடியறது நெசம்தான். மரத்துக்கு நோவு. அதுகிட்ட போய் ஜனங்க தங்க நோவ சொல்லி அழுவுறாங்க. எனக்கு மரத்தப் பார்த்தாலும் பாவமா இருந்துச்சி, ஜனங்களப் பார்த்தாலும் பாவமா இருந்துச்சி" என்றார். அங்கே கொடுத்த பொங்கல் அருமையாக இருந்தது என்றும் சொன்னார். அவருக்கு நல்லதை நல்லது என்று சொல்லியாக வேண்டும்.

பஸ் ஸ்டாப் சுவர்களில் அவர் ஆரோ ஒட்டத் தொடங்கியது எப்போது என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தபோது பழக்கமாகவே ஆகியிருந்தது. குணமளிக்கும் கூட்டத்து போஸ்டர், பரிகார பூஜை நோட்டீஸ், தாயத்துக்காரர் ஒட்டிய துண்டுக் காகிதம் எதுவானாலும் நின்று முழுக்க வாசிப்பார். 'மூன்றே நாளில் புற்றுநோய் கரையும்' என்று இருந்தால் அந்த வரிக்கு நேராக ஒரு ஆரோ. கிழிக்க மாட்டார், கிறுக்க மாட்டார். 'தேவன் உன்னை நேசிக்கிறார்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கு ஒட்ட மாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"நேசிச்சா நேசிக்கட்டும், அதனால யாருக்கு இன்னா கெட்டுப் போச்சு? நோவு போவும்னு எழுதுனா, போச்சா இல்லியான்னு ஒருத்தர் பார்க்கணும் இல்ல? நான் சாமிக்கு ஒட்டல கிரேசு. எழுதுனவங்க வேலைக்கு ஒட்றேன்."

யாரோ புகார் செய்து, கம்பெனி ஸ்டிக்கரை வெளியில் பயன்படுத்தியதற்காக அவருக்கு மெமோ வந்தது. தப்புதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலமே கடையில் சொந்தமாக ஒரு ரோல் வாங்கிக்கொண்டார். மெமோவைக் கொண்டுவந்து கொடுத்த நவாஸ் பாய் சில நாள் கழித்து, சகல காரியமும் கைகூடும் என்று அச்சடித்த ஒரு மந்திரத் தகடுக்காரரின் நோட்டீஸை எடுத்து வந்து, "ஜெயசீலிம்மா, எங்க தெருவுல பேஜார் பண்றான் இவன். இதுக்கு எத்தன ஒட்டுவீங்க?" என்று கேட்டது எங்கள் தளத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது.

என் மகள் ஷீபாவுக்கு ஏழு வயதிலிருந்து வலிப்பு. வேலூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். வேளை தவறாமல் கொடுத்து வந்ததில் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு வருடமாக வலிப்பே வரவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு பெரிய ஜெபக் கூட்டம் நடந்தது. ஊழியக்காரர் ஷீபாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. மேடை ஏறிச் சாட்சி சொல்ல வரிசையில் நின்றேன். மைக் பக்கத்தில் நின்றிருந்த தம்பி ஒருவர் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "மாத்திரையப் பத்தி வேணாம்மா, மகிமை கொறைஞ்சிடும்" என்றார். நானும் அந்த ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த கூட்டத்துக்கான போஸ்டரில் எங்கள் படம் வந்தது. நானும் ஷீபாவும் கைதூக்கி நிற்கிறோம். 'வலிப்பு நோயிலிருந்து பரிபூரண விடுதலை' என்று மேலே. எங்கள் கம்பெனிக்கு எதிரிலேயே ஒட்டியிருந்தார்கள். அக்கா அதை வாசித்தார். "மாத்திர குடுக்கிறியா, நிறுத்திட்டியா?" என்று மட்டும் கேட்டார். கொடுக்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். போகும்போதும் வரும்போதும் அந்த போஸ்டரைப் பார்த்தேன். அதில் ஆரோ இல்லை. அக்காவே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்குள் ஒரு பெருமை.

ஒன்றரை மாதம் கழித்து, பக்கத்து லைனில் வேலை செய்யும் கோமதி நான்கு நாள் வரவில்லை. ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண். திரும்பி வந்தபோது முகம் பார்க்க முடியவில்லை. அவள் வீட்டுக்காரருக்கும் வலிப்பு. என் போஸ்டரைப் பார்த்துவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு அவரைக் கூட்டிப் போயிருக்கிறாள். கிரேஸ் அக்கா பெண்ணுக்கு ஜெபத்திலேயே சரியானது என்று சொல்லி, மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். அடுப்புப் பக்கத்தில் அவர் தனியாக இருந்தபோது வலிப்பு வந்து, கொதிக்கிற சோற்றுப் பானை மேல் விழுந்திருக்கிறார். வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோய்விட்டது.

கோமதி என்னைத் திட்டவில்லை. "உங்க பொண்ணுக்கு இருந்த விசுவாசம் எங்களுக்கு இல்லபோல இருக்குதுக்கா" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு என் மெஷினுக்குத் திரும்பினேன். அந்த இடத்திலாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தார். "கெளம்பு, ஆலங்காயம் போறோம்." பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். வாணியம்பாடி தாண்டிய பிறகுதான் பேசினார். "தப்பு உன்னது மட்டும் இல்ல. அந்த போஸ்டர்ல நான் ஒட்டியிருக்கணும். கையில எடுத்தேன். உன் மொகம், கொழந்த மொகம். நீ வருத்தப்படுவேன்னு உட்டுட்டேன். ஆளப் பார்த்து பாஸ் பண்ணிட்டேன் கிரேசு. செக்கர் பண்ணக் கூடாத வேல அது." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கோமதியின் வீட்டில் அவள் கணவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வருடம் மாத்திரை தொடங்கியது, எத்தனை வேளை, மேடையில் எதை விட்டேன், எல்லாம்.  கோமதியின் கணவர் மறுபடி மாத்திரை எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். திரும்பி வந்து கம்பெனிக்கு எதிரில் இருக்கும் பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் அக்காவிடம் ஆரோ கேட்டேன். கொடுத்தார். என் படத்துக்கு நேராக நானே ஒட்டினேன். அதற்குப் பிறகும் நான் ஜெபிக்கிறவள்தான். ஷீபாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு ஜெபிக்கிறேன். அக்கா அதை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

போன வருடம் அவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். நாங்கள் சொல்லிச் சொல்லித்தான் ஆஸ்பத்திரி போனார். ஊரார் எழுத்தையெல்லாம் நின்று வாசித்தவர் தன் வயிற்று வலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். இதில் மட்டும் எனக்கு இன்றுவரை அவர்மேல் கோபம் இருக்கிறது. ஆபரேஷன், மருந்து, முடி கொட்டியது, மறுபடி முளைத்தது, மறுபடி கொட்டியது. வார்டில் பாட்டுப் பாட வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "பாடட்டும், அந்தப் பொண்ணுக்குக் கொரல் நல்லா இருக்குது" என்பார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனபோது அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. தேவராஜ் சாப்பிடப் போயிருந்தார். அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "தம்பி சர்ச்சு கல்லறையில எடம் கேட்டுக்கினு இருக்கான். அம்மா பக்கத்துல எடம் இருக்குது. கெடச்சா எனக்கும் சந்தோஷம்தான், இல்லன்னு சொல்லல. பதினோரு வருசம் பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தேன் இல்ல. ஆனா அதுக்காக எம்பேர்ல பொய் சொல்லாம பார்த்துக்கோ." சரி என்றேன். அப்போது அது எத்தனை பெரிய சரி என்று எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும் நேரம் வந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவரே சொன்னார், "ஜெபம் பண்ணணும்னு தோணுதுன்னா பண்ணு. உனக்கு மனசு ஆறும். நான் கையப் புடிச்சிக்கிறேன்." அவருடைய இரண்டு கையையும் என் கைக்குள் வைத்துக்கொண்டு ஜெபித்தேன். வலி குறைய வேண்டும் என்று கேட்டேன். அவரை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஜெபத்தை முடிக்கத் தெரியாமல் தேம்பிக்கொண்டிருந்தேன். பிறகு அவரே, நன்றாகக் கேட்கும்படி, "ஆமென்" என்றார்.

தலைநிமிர்ந்து பார்த்தேன். "உன்னால முடிக்க முடியல, அதான் முடிச்சி வெச்சேன். வேற ஒண்ணும் இல்ல. போ, பஸ்ஸு போய்டும்" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தைகள் அவைதான்.

வார்டு வாசலில் அவருடைய தாயாரின் சர்ச்சைச் சேர்ந்த இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அக்காவின் கைகள் கூப்பியிருந்ததாக அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆமென் என்றது கேட்டிருக்கும். அவர்கள்மேல் தப்பில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னது மெதுவாகச் சொன்னது. அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சர்ச்சின் மூப்பர் அக்கா வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எப்படியாவது இடம் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வந்தார். பல வருடமாகத் தன்னை விசுவாசி இல்லை என்று சொன்னவருக்குக் கல்லறையில் இடமில்லை என்பது விதி. மனம் திரும்பியதற்கு ஒரு சாட்சி இருந்தால் போதும். என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஆமென்னு சொன்னாங்களாம்மா, இல்லியா?"

"சொன்னாங்க ஐயா. எனக்காக சொன்னாங்க." நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

மூப்பர் குரலைத் தாழ்த்தினார். "பின்னாடி சொன்னத எதுக்கும்மா சொல்ற? அத விட்டுடு. ஆமென் சொன்னாங்க. அது போதும்."

ஒன்றை மட்டும் விட்டுவிடு என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். விட்டேன். கோமதி வீட்டுக்காரரின் கை வெந்தது. என்னால் மறுபடி முடியவில்லை. தேவராஜ் என் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்ததான கிரேசு. எங்க அம்மா பக்கத்துல இருந்துட்டுப் போவுது. செத்துப் போனவங்களுக்கு இன்னா நஷ்டம்?"  இல்லை என்று தலையாட்ட மட்டும் முடிந்தது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்க அவருக்கு நியாயம் இருக்கிறது.

பாலாற்றங்கரையில் நகராட்சி இடுகாட்டில் புதைத்தோம். நவாஸ் பாய் அரை நாள் பெர்மிஷன் கொடுத்து, லைன் முழுக்க வந்திருந்தது. கோமதி வந்தாள். அவள் கணவர் தழும்பேறிய கையோடு பாடையில் ஒரு பக்கம் பிடித்தார். தாயாரின் கல்லறை ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தத் தூரத்தை உண்டாக்கியவள் நான். அக்கா கேட்டபடிதான் செய்தேன் என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் நெஞ்சு ஆற மாட்டேன் என்கிறது.

அக்கா, உங்களைப் போன்றவர்கள் செத்தால் எங்கே போவார்கள் என்று என் ஜெப வீட்டில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் உங்களை வைத்து யோசிக்க எனக்கு வரவில்லை. உங்களிடம் இதைச் சொன்னால், "நான் எங்கயும் இல்ல, நீ போய் ஷீபாவுக்கு மாத்திர குடு" என்றுதான் சொல்வீர்கள். கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாளாக ஊரில் யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் எழுதிவிட்டேன். நிம்மதியாக இருங்கள்.

மண் போட்டு முடித்த பிறகு அன்று ஒரு சங்கடம் வந்தது. பாஸ்டர் இல்லை, பாட்டு இல்லை. எப்போது கலைந்து போவது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் வெயிலில் நின்றுகொண்டே இருந்தோம். நான் கண்ணை மூடி, சத்தம் வராமல், எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் உங்களை வழியனுப்பப் பார்த்தேன். பாதியில் வார்த்தை வரவில்லை. காத்திருந்தேன். யாரும் முடித்து வைக்கவில்லை.